கணவரோடு சேர ஜெர்மனி போனால் வேலையில்லாக் கால உதவித்தொகை கிடைக்குமா?

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் கோத்தகிரி பக்கம். குன்னூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு வருடமாக லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். சம்பளம் 19,500 ரூபாய், அதில் பேசிக் 14,000. மாதாமாதம் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் பிடிக்கிறார்கள். போன வருடம் திருமணம் ஆனது. கணவர் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வேலை செய்கிறார். எனக்கு விசா கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் வேலையை விடப்போகிறேன். என் நாத்தனார் மியூனிக்கில் வேலையை விட்டுவிட்டு வியன்னாவில் இருக்கும் அவர் கணவரோடு போய்ச் சேர்ந்தபோது சில மாதம் உதவித்தொகை வாங்கினார். அதுபோல எனக்கு இங்கே இ.எஸ்.ஐ.யிலோ, அங்கே ஜெர்மனியிலோ கிடைக்குமா? கிடைக்காது என்றால், ஆறு வருடம் பிடித்த பணம் என்ன ஆகும்?

பதில்:

உங்கள் நாத்தனார் வாங்கியது உண்மைதான். ஆனால் உங்கள் நிலைமை வேறு. வேலையில்லாக் கால உதவித்தொகையை எந்த நாட்டில் சந்தா கட்டினோமோ அந்த நாடுதான் தரும். நாத்தனார் ஜெர்மனியில் கட்டினார், அதனால் ஜெர்மனி கொடுத்தது. நீங்கள் கட்டியது இங்கே. எனவே முதலில் இங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

உங்கள் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்ற வரிக்கு எதிரே 147 ரூபாய் இருக்கும். சம்பளத்தில் 0.75 சதவீதம். நிர்வாகம் தன் பங்காக 3.25 சதவீதம் கட்டுகிறது. இந்தப் பணத்தை நம்பி இரண்டு திட்டங்கள் உள்ளன. ஒன்று 2005 ஏப்ரலில் வந்த ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா. நிறுவனத்தை மூடினாலோ, ஆட்குறைப்பு செய்தாலோ, பணிக்குச் சம்பந்தமில்லாத காயத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோதான் அதில் பணம் உண்டு. நீங்களாக விலகுவதால் அது உங்களுக்குப் பொருந்தாது.

இன்னொன்று 2018 ஜூலையில் தொடங்கிய அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. சராசரி தினக் கூலியில் பாதியை அதிகபட்சம் 90 நாளுக்குத் தருவார்கள், வாழ்நாளில் ஒரே முறை. ஒழுங்கு நடவடிக்கையில் வேலை போனவர்கள், வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர்கள், விருப்ப ஓய்வில் போனவர்கள் ஆகியோருக்குக் கிடையாது. உங்கள் சம்பளத்துக்குக் கணக்குப் போட்டால் மொத்தமே முப்பதாயிரத்துக்குள்தான் வரும். கேட்டுப் பார்க்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வேலை பறிபோய் அடுத்த வேலை கிடைக்கும்வரை திண்டாடுபவருக்கான தொகை அது. கையில் விசாவோடு, சொந்த முடிவில் கிளம்புகிறவர் நிலைமை அதுவல்ல. ஊரில் இல்லாத நாட்களுக்கு ஊரில் வேலையில்லாமல் இருந்ததாகக் கணக்குக் காட்டவே கூடாது.

தமிழக அரசு படித்த வேலையற்றோருக்குத் தரும் உதவித்தொகையையும் சிலர் கேட்கிறார்கள். ஊட்டி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். உங்களுக்கு அது இல்லை, விட்டுவிடுங்கள்.

சரி, ஜெர்மனிக்கு வருவோம். அங்கே வேலையில்லாக் காலத்துக்கான முதல் நிலை உதவித்தொகை, கட்டிய சந்தாவுக்கு ஈடாக வருவது. கடைசி 30 மாதத்தில் குறைந்தது 12 மாதம் சந்தா கட்டும் வேலையில் இருந்திருக்க வேண்டும். குன்னூரில் செய்த ஆறு வருடத்தில் ஒரு மாதம்கூட இந்தக் கணக்கில் சேராது. இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். 2017 மே 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் சேவைக் காலத்தைக் கூட்டிக் கணக்கிடுவது பென்ஷனுக்குத்தான். அது உங்களுக்கு வேறு விதத்தில் கைகொடுக்கும், கீழே சொல்கிறேன்.

நாத்தனாருக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு உங்களுக்கே தேவைப்படலாம். ஜெர்மனியில் தானாக வேலையை விட்டவருக்கு வழக்கமாகப் பன்னிரண்டு வாரம் உதவித்தொகையை நிறுத்தி வைப்பார்கள். தக்க காரணம் இருந்தால் நிறுத்த மாட்டார்கள். கணவனோ மனைவியோ இருக்கும் ஊர் தினமும் வேலைக்குப் போய்வர முடியாத தூரத்தில் இருந்து, அங்கே போய்ச் சேர்ந்து வாழ வேலையை விட்டால், அதைத் தக்க காரணமாக எடுத்துக்கொள்வார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இன்னொரு நாட்டுக்குப் போகிறவர், முதலில் ஜெர்மனியிலேயே வேலையில்லாதவராகப் பதிந்து, பொதுவாக நான்கு வாரம் அங்கேயே வேலை தேட வேண்டும். அதன் பிறகு யு-2 என்ற படிவத்தை வாங்கிக்கொண்டு போய், புது நாட்டில் ஏழு நாளுக்குள் பதிய வேண்டும். அப்படிச் செய்தால் மூன்று மாதம் ஜெர்மனிப் பணமே அங்கே வரும், கேட்டால் ஆறு மாதம் வரை நீட்டிக்கவும் இடம் உண்டு. யு-2 வாங்காமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனால் பணம் நின்றுவிடும். அவர் வியன்னாவுக்குப் பதில் கோத்தகிரிக்குத் திரும்பியிருந்தால் ஒரு யூரோகூட வந்திருக்காது, ஏனென்றால் அந்த ஏற்பாடு ஐரோப்பாவுக்குள் மட்டும்தான்.

கூடலூர், பந்தலூர் பக்கத்திலிருந்து துபாயைப் பற்றியும் இதே கேள்வி வருகிறது. அமீரகத்தில் 2023 ஜனவரி முதல் வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம். ஆனால் ராஜினாமா செய்தவருக்கு அதில் எதுவும் கிடையாது.

இப்போது உங்கள் சொந்தப் பணத்துக்கு வருவோம். நீங்கள் உதவித்தொகையைப் பற்றிக் கேட்கும் நேரத்தில் பாதியை இதற்குச் செலவழித்தால் பலன் அதிகம்.

முதலில் கிராஜுவிட்டி, அதாவது பல வருடம் வேலை செய்ததற்கு நிர்வாகம் தரும் பணிக்கொடை. ஐந்து வருடம் முடிந்துவிட்டதால் ராஜினாமா செய்தாலும் உங்களுக்கு இது உரிமை. 14,000-ஐ 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, ஆறு வருடத்தால் பெருக்குங்கள். 48,461 ரூபாய் வரும். நீங்கள் வாங்க ஆசைப்பட்ட இ.எஸ்.ஐ. தொகையை விட இது அதிகம். நிறையப் பெண்கள் இதைக் கேட்காமலேயே போய்விடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. வேலையை விட்ட முப்பது நாளுக்குள் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள், கொடுத்ததற்கு நகலில் கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள்.

அடுத்து பி.எஃப். உங்கள் பங்கு மாதம் 1,680 ரூபாய். நிர்வாகமும் அதே 1,680-ஐக் கட்டுகிறது. ஆனால் அதில் 1,166 ரூபாய் பென்ஷன் கணக்குக்குப் போகிறது, மீதி 514 மட்டும்தான் பி.எஃப்.பில் சேர்கிறது. பாஸ்புக்கில் தொகை எதிர்பார்த்ததை விடக் குறைவாக இருக்கிறதே என்று பதற வேண்டாம், காரணம் இதுதான். ஐந்து வருடத் தொடர் சேவை இருப்பதால் எடுக்கும்போது வரிப் பிடித்தம் வராது.

2025 அக்டோபரில் பி.எஃப். மத்திய அறங்காவலர் குழு விதிகளை மாற்ற முடிவெடுத்தது. வேலை போனதும் 75 சதவீதம் எடுக்கலாம், மீதி 25 சதவீதத்துக்குப் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நிரந்தரமாக வெளிநாடு போகிறவர்களுக்கு முழுத் தொகையையும் எடுக்க வழி விட்டிருக்கிறார்கள். அதனால் ராஜினாமா கடிதத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதாதீர்கள். கணவருடன் ஜெர்மனியில் குடியேறப் போவதால் விலகுகிறேன் என்றே எழுதுங்கள். விசா பக்கம், பயணச்சீட்டு இரண்டின் நகலையும் எடுத்து வையுங்கள்.

பென்ஷன் கணக்கில்தான் மேலே சொன்ன இந்திய-ஜெர்மனி ஒப்பந்தம் உதவிக்கு வருகிறது. பத்து வருடத்துக்குக் குறைவாக வேலை பார்த்தவர் 10சி படிவத்தில் அந்தப் பணத்தை எடுத்துவிடலாம். அல்லது பணத்தை எடுக்காமல், சேவைக் காலத்தைக் காட்டும் திட்டச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். இங்கே பென்ஷனுக்குப் பத்து வருடம் வேண்டும், உங்களிடம் ஆறு இருக்கிறது. நாளைக்கு ஜெர்மனியில் நீங்கள் சந்தா கட்டும் வருடங்களையும் தகுதிக்காக இதோடு கூட்டிக்கொள்ள ஒப்பந்தம் இடம் தருகிறது. பணத்தை எடுத்துவிட்டால் அந்த ஆறு வருடமும் அழிந்துபோகும். அவசரத் தேவை இல்லையென்றால் சான்றிதழை வாங்குங்கள். வயதான காலத்தில் சொந்தமாக ஒரு பென்ஷன் வருவது சின்ன விஷயமில்லை.

இதெல்லாம் விமானம் ஏறுவதற்கு முன்பே ஏன் தயாராக இருக்க வேண்டும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் கீழ்க்கோத்தகிரிப் பக்கத்துப் பெண் ஒருவர் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். பி.எஃப். எடுக்க ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு ஓ.டி.பி. வர வேண்டும். அந்த சிம் இருந்ததோ அவர் அப்பாவின் பழைய போனில். வீட்டில் டவர் கிடைக்காது. அவர் அங்கே கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார், அப்பா தேயிலைத் தோட்டத்து மேட்டில் ஏறி, பஸ் நிற்கும் வளைவு வரை நடந்து போய் நிற்பார். எண் வந்ததும் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். இப்படி மூன்று நாள் ஆனது. நான்காம் நாள்தான் ஓ.டி.பி. விழுந்தது. அப்புறம் பார்த்தால், நிர்வாகம் வேலையை விட்ட தேதியையே பதியவில்லை! பிறகு அவர் அப்பா அந்த சிம்மோடு என் மேசைக்கே வந்து உட்கார்ந்து வேலையை முடித்தோம்.

எனவே இந்த மாதமே உட்கார்ந்து பாருங்கள். யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். எண்), ஆதார், பான், வங்கிக் கணக்கு நான்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? நம் பக்கம் இனிஷியலை ஒன்றில் விரித்தும் ஒன்றில் சுருக்கியும் எழுதிவிடுகிறோம், அங்கேதான் பெரும்பாலும் மாட்டுகிறது. திருமணத்துக்குப் பிறகு எதிலாவது கணவர் பெயரைச் சேர்த்திருந்தால் அதையும் கவனியுங்கள். விலகிய தேதியைக் கடைசி வேலை நாளுக்குப் பிறகு உடனே பதியச் சொல்லுங்கள். அவர்கள் பதியாவிட்டால் கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதியலாம். சிம்மை ரோமிங்கோடு கையில் எடுத்துப் போங்கள். வெளிநாட்டில் குடியேறியதும் வங்கியில் சொல்லி சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும்.

ஜெர்மனி போய் இறங்கியதும் செய்ய வேண்டியவையும் உண்டு. கணவர் பொதுக் காப்பீட்டில் இருந்தால், வருமானம் இல்லாத வரை நீங்கள் கூடுதல் சந்தா இல்லாமல் அவருடைய மருத்துவக் காப்பீட்டில் சேரலாம். குடும்ப இணைவு அனுமதியில் வேலை செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. பணம் வராது என்றாலும் அங்குள்ள வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வேலை தேடுபவராகப் பதியுங்கள். ஆலோசனை இலவசம், படிப்புக்கு அங்கீகாரம் வாங்கும் வழியையும் சொல்வார்கள். சந்தா கட்டாதவர்களுக்கான அடிப்படை உதவித்தொகைக்கு யாராவது விண்ணப்பிக்கச் சொன்னால் உடனே கையெழுத்துப் போட வேண்டாம். அரசு உதவி இல்லாமல் குடும்பம் நடக்கிறது என்பது உங்கள் குடியிருப்பு அனுமதியின் நிபந்தனை, புதுப்பிக்கும்போது சிக்கலாகலாம். சந்தா கட்டி வாங்கும் உதவித்தொகைக்கு இந்தப் பயம் இல்லை.

முதல் வேலை கிடைக்கும்போது, மினிஜாப் என்ற குறைந்த வருமான வேலையாக இருந்தால் (2025-இல் மாதம் 556 யூரோ வரை) வேலையில்லாக் காப்பீட்டுக்குச் சந்தா பிடிக்க மாட்டார்கள், அந்த மாதங்கள் கணக்கில் சேராது. சந்தா பிடிக்கும் வேலையில் 12 மாதம் முடித்தால், பின்னால் வேலை போனாலும் ஆறு மாதம், நிகரச் சம்பளத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் கிடைக்கும், குழந்தை இருந்தால் 67. அந்த உதவித்தொகை வாங்கும் காலத்தில் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊருக்கு வர ஆசைப்பட்டால், அலுவலகத்தில் முன்னனுமதி வாங்கிக்கொண்டு வருடத்துக்கு மூன்று வாரம் வரை வரலாம். சொல்லாமல் வந்தால் அந்த நாட்களின் பணம் போகும்.

உங்கள் தொழில் அங்கே உரிமம் வேண்டிய தொழில். அதனால் குன்னூரை விட்டுக் கிளம்புவதற்கு முன் மருத்துவமனையில் இன்னொரு தாளையும் கேட்டு வாங்குங்கள். வெறும் 'லேப் டெக்னீஷியன், ஆறு ஆண்டு' என்ற அனுபவச் சான்றிதழ் போதாது. உயிர்வேதியியல், இரத்தவியல், நுண்ணுயிரியல் என்று எந்தப் பிரிவில் எவ்வளவு காலம், என்னென்ன பரிசோதனை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று விவரமாக, சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் போட்டு, லெட்டர்ஹெட்டில் வேண்டும். கல்லூரியிலிருந்து பாடத்திட்டமும் மணி நேரக் கணக்கும் வாங்கி வையுங்கள். இவற்றை அங்கே போன பிறகு வரவழைக்க மாதக்கணக்கில் ஆகும். லேபில் உங்கள் மேலதிகாரி இன்னும் அதே நாற்காலியில் இருக்கும்போதே நேரில் போய்க் கேளுங்கள்.