வாசகர் கேள்வி: ஒரே பெல்ட்டுல இரும்பும் செம்பும்

கேள்வி: ஃபாக்டரி கட்டுற ஃபாக்டோரியோ கம்ப்யூட்டர் கேம்ல ஒரே கன்வேயர் பெல்ட்டுல இரும்புத் தகடையும் செம்புத் தகடையும் கலந்து விட்டேன், கொஞ்ச நேரம் நல்லா ஓடிச்சு, பொறவு எல்லாம் அப்படியே நின்னுபோச்சு. ஏன் அண்ணே?
- மார்த்தாண்டம் வாசகர்

பதில்: மக்கா, வடசேரி பஸ்ஸ்டாண்டு வாசல்ல ஒரு பஸ் நின்னா பின்னால வர்றது எல்லாம் நிக்குமுல்லா, அதே கததான். மெஷினுக்கு வேண்டிய செம்பு நிறைஞ்சதும் சாமான எடுத்துப் போடுற கையான இன்செர்ட்டர் செம்ப எடுக்காது, முன்னால செம்பா கெடக்கும், பின்னால நிக்கிற இரும்பு வரவே வழியில்ல. பெல்ட்டுல ரெண்டு லேன் இருக்கு, அத கவனிச்சியா? மஞ்ச பெல்ட்டு செகண்டுக்கு 15 சாமான் கொண்டுபோவும், லேனுக்கு ஏழரை. ஒரு பெல்ட்டோட தொடக்கத்துல இடப்பக்கமிருந்து இரும்பு பெல்ட்டையும் வலப்பக்கமிருந்து செம்பு பெல்ட்டையும் நேருக்கு நேரா கொண்டு முட்டவை, அதது அந்தந்தப் பக்க லேன்லயே போவும், ஒண்ணு நின்னாலும் மத்தது ஓடும். இன்செர்ட்டர் வச்சு பெல்ட்டுல போட்டா அதுக்கு தூரத்துல இருக்க லேன்லதான் போடும், நான் இது தெரியாம ஒரு ராத்திரி முழுக்க முழிச்சிருக்கேன். இப்போ கலந்து கெடக்கத பெல்ட்ட ரெண்டா பிரிக்கிற ஸ்பிளிட்டர்ல ஃபில்டர் போட்டு பிரிச்சிரு. மூணு நாலு சாமான ஒரே பெல்ட்டுல வட்டமா சுத்த விடுற சுஷி பெல்ட்டும் உண்டு, ஆனா எண்ணிக்கைய சர்க்யூட் வயர் போட்டு கட்டுப்படுத்தணும், அது இப்போ உனக்கு வேண்டாம்.