பப்பெட்டில் பேக்கேஜ், கான்ஃபிக் ஃபைல், சர்வீஸ்: எது முதலில் ஓடும்?

சர்வர்களைத் தானாக அமைத்துத் தரும் கருவியான பப்பெட்டில், என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வருக்கு இந்த மூன்றையும் சரியான வரிசையில் எழுதிவிட்டால் போதாதா, 'இது அதைச் சார்ந்தது' என்று சொல்லும் ரிக்வயர் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

பப்பெட் மேலிருந்து படித்துக்கொண்டே வேலை செய்வதில்லை. பேக்கேஜ், ஃபைல், சர்வீஸ் போன்ற எல்லா ரிசோர்ஸையும் ஒரே கேட்டலாக்காக, அதாவது பட்டியலாகத் தொகுத்து, எது எதற்கு முன்னால் என்று கிராஃப் போட்டுக்கொள்கிறது. உறவு எதுவும் சொல்லாத இடத்தில் எழுதிய வரிசையைப் பின்பற்றும்; 2015இல் வந்த பப்பெட் 4 முதல் அதுதான் வழக்கம். ஆனால் வரிசை வேறு, சார்பு வேறு. பேக்கேஜ் நிறுவ முடியாமல் போனால், ரிக்வயர் போட்ட ஃபைலைப் பப்பெட் தொடாமல் தாண்டிவிடும். வெறும் வரிசை மட்டும் என்றால், பேக்கேஜ் இல்லாமலேயே ஃபைலை எழுதப் போய்விடும்.

சர்வீஸுக்கு ரிக்வயரும் போதாது. கான்ஃபிக் மாறினால் ரீஸ்டார்ட் ஆக வேண்டுமே, அதற்கு சப்ஸ்கிரைப் போடுங்கள். வரிசையும் அதிலேயே அடங்கும். ஃபைலின் தாய் டைரக்டரி, அதன் உரிமையாளரான யூசர் போன்றவை அதே கேட்டலாக்கில் இருந்தால், ஃபைல் அவற்றைச் சார்ந்தது என்று பப்பெட்டே ஊகித்துக்கொள்ளும். பேக்கேஜுக்கும் சர்வீஸுக்கும் நடுவே அப்படி ஊகிக்காது. உறவுகள் வட்டமாகச் சுற்றினால் எரர்தான்.

இதேபோன்ற இன்னொரு கருவியான அன்சிபிளில் இந்தக் கிராஃப் தலைவலி இல்லை, டாஸ்க்குகள் (செய்ய வேண்டிய வேலைகள்) எழுதியபடியே ஓடும். அப்புறம் ஹேண்ட்லர் என்று ஒன்று இருக்கிறது: ஒரு டாஸ்க் எதையாவது மாற்றினால் மட்டும் அழைக்கப்படும் வேலை, ரீஸ்டார்ட்டை அதில்தான் வைப்போம். அது வழக்கமாக பிளேயின், அதாவது அந்த டாஸ்க் தொகுப்பின், கடைசியில்தான் ஓடும். நடுவில் ஒரு டாஸ்க் தோற்றால் ஃபைல் மாறியிருக்கும், ரீஸ்டார்ட் நடந்திருக்காது. மறுபடி ஓட்டினாலும் ஃபைலில் மாற்றம் இல்லை என்பதால் ஹேண்ட்லருக்கு அழைப்பே போகாது. என் தூக்கத்தை ஒரு ராத்திரி கெடுத்தது இதுதான்.