பழைய டீசல் வேனில் எண்ணெய் கசிகிறது, சோதனைக்கு முன் என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர், தம் பழைய ஹையேஸ் டீசல் வேனின் அடியில் டீசல் எண்ணெய் சொட்டுவதாகவும், அடுத்த வாரம் ஆறு மாத வண்டிச் சோதனைக்குக் கொண்டு போக வேண்டும் என்றும், சிலிக்கோன் பூசிச் சமாளிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். தயவுசெய்து பூசாதீர்கள். சிலிக்கோன் டீசலில் ஊறி இளகி உரிந்துவிடும். அதன் துணுக்கு உள்ளே போனால் ஃபில்டரிலோ பம்பிலோ அடைத்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனை என்பதால், உங்களுடையது பள்ளி வேனாகவோ சரக்கு வேனாகவோ இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். என் வண்டியும் 3எல் இஞ்சின் போட்ட பழைய ஹையேஸ்தான். ஒரு முறை சோதனை நெருங்கும் நேரத்தில், பிள்ளைகளின் சீருடையில் டீசல் வாடை அடிக்கிறது என்று ஒரு தாயார் சொன்னார். இஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தபோது, டீசலை அழுத்தித் தள்ளும் இஞ்செக்‌ஷன் பம்பின் அடிப்பகுதி முழுவதும் நனைந்திருந்தது. நான் கொண்டு போன பட்டறையில் விளக்கை ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, பம்பையே இறக்கிப் பிரிக்க வேண்டும், ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் ஆகும் என்றார்கள். எல்லாப் பட்டறைகளும் அப்படி என்று நான் சொல்லவில்லை. நேர்மையாக உழைக்கும் மெக்கானிக்குகள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். ஆனால் கசிவு எங்கிருந்து வருகிறது என்று துடைத்துக்கூடப் பார்க்காமல் விலை சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பெற்றோர் மாதா மாதம் கொடுக்கும் வேன் காசில்தான் இந்த வண்டியும் என் குடும்பமும் ஓடுகின்றன.

முன்பு தோட்டப் பட்டறையில் டிராக்டர்களும் லாரிகளும் பார்த்த ஒரு பெரியவரிடம் வண்டியைக் காட்டினேன். "மேலே பார், தம்பி. எண்ணெய் மேலே ஏறாது" என்றார். பம்பையும் அதைச் சுற்றியுள்ள குழாய்களையும் நன்றாகக் கழுவி, காய்ந்த துணியால் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரை எங்கும் தூவச் சொன்னார். பிறகு இஞ்சினை ஓடவிட்டு விளக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். டீசலை இஞ்சினுக்குள் பீய்ச்சும் நாசில்களின் மேலே, மிச்ச டீசலைத் தொட்டிக்குக் கொண்டு போகும் திரும்பு குழாயின் முனையில், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு ரப்பர் குழாயின் அருகே வெள்ளைப் பவுடர் சாம்பல் நிறமாக மாறியது. அங்கிருந்து ஒரு மெல்லிய கோடு தாங்கு சட்டத்தின் மேல் வழிந்து பம்புக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. குழாயைக் கழற்றி வளைத்துப் பார்த்தால், துணிப் பின்னலுக்கு இடையில் முடி அளவு வெடிப்புகளிலிருந்து டீசல் வியர்த்து நின்றது. சில ரிங்கிட்டில் புதுக் குழாய் போட்டோம். பம்பை யாரும் தொடவில்லை.

ஆகவே உங்கள் வண்டியிலும் முதலில் இத்தகைய ரப்பர் குழாய்களைப் பாருங்கள். வண்டிகளுக்கு விற்கப்படும் டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருளைக் கலக்கும் திட்டம் நம் நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்தது. நம் தோட்டத்துப் பழக்குலையிலிருந்து வருவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பழைய காலத்து ரப்பர் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டதன்று, நாளடைவில் உப்பியும் வெடித்தும் போகிறது. மாற்றும்போது அதைத் தாங்கும் வைட்டோன் என்ற செயற்கை ரப்பர் வகைக் குழாயும் சீலும் கேட்டு வாங்குங்கள். திரும்பு குழாயைக் கழற்றினால் அதன் வாஷர்களையும் புதிதாகவே போடுங்கள்.

ஃபில்டரின் மேலுள்ள கைப்பம்பும் அடிக்கடி கசியும். தொட்டியிலிருந்து பம்பு வரையுள்ள பகுதியில் இஞ்சின் ஓடும்போது எண்ணெய் இழுக்கப்படுவதால், அங்கே ஓட்டை இருந்தால் எண்ணெய் வெளியே வராமல் காற்று உள்ளே போகக்கூடும். காலையில் ஸ்டார்ட் செய்யச் சிரமப்பட்டால் அந்த இடத்தைச் சந்தேகப்படுங்கள். ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையில் தற்காலிகமாக ஒரு கண்ணாடிக் குழாய் போல் தெரியும் பிளாஸ்டிக் குழாயை மாட்டினால் குமிழிகள் ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

பம்பிலிருந்து நாசில்களுக்குப் போகும் இரும்புக் குழாய்களில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். அவற்றில் 100 பாருக்கு மேற்பட்ட அழுத்தம் இருக்கிறது. கசியும் இடத்தை விரலால் தடவினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அதற்கு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். அங்கே நட்டில் வெள்ளை டேப் சுற்றுவதாலும் பயனில்லை, ஏனென்றால் எண்ணெயைத் தடுப்பது மரை அன்று, குழாயின் விரிந்த முனைதான். முரட்டுத்தனமாக முறுக்கினால் அந்த முனை நசுங்கிவிடும்.

பம்பின் முன்பக்கத் தண்டு சீல் போயிருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அந்த எண்ணெய் டைமிங் பெல்ட்டின் மேல் விழுந்து அதை ஊறவைக்கும். பெல்ட் அறுந்தால் வால்வுகளும் சேர்ந்து போகும். அப்போது பட்டறை கேட்கும் பணம் நியாயமானதே.

இஞ்சினைக் கழுவி மினுக்கிக்கொண்டு போனால் போதும் என்று சிலர் இங்கே எழுதுவார்கள். சோதனைக்காக ஈப்போ வரை ஓட்டிப் போவதற்குள் மறுபடியும் நனைந்துவிடும், சோதனைக் குழியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது தப்பாது. சாலையில் சொட்டும் டீசலில் வழுக்கி விழுபவர்களும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் நம் ஆட்கள்தாம்.

பழுது பார்த்த பின், சோதனைக்கு முந்திய நாளே தொட்டியை நிரப்பி ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். தொட்டியின் மேலுள்ள, டீசல் அளவைக் காட்டும் மிதவைக் கருவியின் கேஸ்கெட் கசிவது பெரும்பாலும் தொட்டி நிறைந்திருக்கும்போதுதான் தெரியும். அது வெறும் கேஸ்கெட் வேலை. தொட்டிக்கு வெல்டிங் வைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.