தொட்டிக்குள் யாரை இறக்கப் போகிறீர்கள்?

கேள்வி: திருப்பூரில் சிறிய சாயப்பட்டறை நடத்துகிறேன். கழிவுநீர்த் தொட்டியில் சேறு படிந்துவிட்டது. சுத்தம் செய்ய மூன்று காண்ட்ராக்டர்கள் விலை சொன்னார்கள். எல்லோரையும்விடக் குறைவாகச் சொன்னவர் ஐஎஸ்ஓ சான்றிதழ் காட்டுகிறார். நம்பிக் கொடுக்கலாமா?

பதில்: அந்தச் சான்றிதழை ஓரமாக வையுங்கள். தொட்டிக்குள் ஆளை இறக்கத் தெரியும் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. தொட்டிக்குள் உள்ள வாயுக்களை அளக்கும் கருவி வேண்டும்; "கேஸ் மீட்டரைக் கொண்டுவந்து ஆன் செய்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் யாரும் இறங்கக் கூடாது. நாற்றம் வந்தால் மேலே ஏறிக்கொள்ளலாம் என்று மேஸ்திரிகள் சொல்வதை நம்பவே நம்பாதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவுக்கு ஏறினால் மூக்கே மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. சேற்றைக் கிளறும்போது வாயு திடீரென்று கிளம்பும். அதனால் காலையில் ஒருமுறை அளந்தது போதாது, வேலை முடியும்வரை அளக்க வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. உங்களிடம் பேசுகிறவர் வெறும் புரோக்கராக இருக்கலாம். கமிஷனை எடுத்துக்கொண்டு வேலையை மேஸ்திரிக்குக் கைமாற்றிவிடுவார். மேஸ்திரி அன்று காலையில் கிடைத்த ஆட்களைக் கூட்டிவருவார். ஒன்றும் தெரியாத அந்தப் பையன்கள்தான் சாகிறார்கள், அவர்களைத் தூக்க இறங்குகிறவர்களும் சாகிறார்கள். இறங்கப்போகிறவர்களின் பெயர்ப்பட்டியலையும் அவர்களுக்கு ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) கட்டிய சலானையும் முன்னதாகவே வாங்குங்கள். பட்டியலில் இல்லாத ஆள் வந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்புங்கள்.

ஒரு விலக்கு உண்டு. ஆளே இறங்காமல் மேலிருந்து ஜெட் அடித்து லாரியில் உறிஞ்சுவதென்றால் இவ்வளவு கெடுபிடி தேவையில்லை. ஆனால் அடியில் கெட்டிச் சேறு கொஞ்சம் நிற்கும். "ஒருத்தர் அஞ்சு நிமிஷம் இறங்கி வழிச்சிடுவார்" என்பார்கள். அந்த அஞ்சு நிமிஷத்துக்கும் உள்ளே காற்றைச் செலுத்தும் பிளோயர், கயிற்றோடு பெல்ட், ஆளை மேலே தூக்கும் முக்காலி வின்ச், மேலே நின்று பார்க்க ஓர் ஆள் எல்லாமே வேண்டும். தலையை உள்ளே நீட்டி எட்டிப்பார்ப்பதும் இறங்குவதற்குச் சமம்தான். இறங்கவே மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் இந்த விலக்கு.

செப்டிக் டேங்க் என்றால், மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வருகிறது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் காண்ட்ராக்டர் மூலம் இறக்கினாலும் முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். சட்டம் இருந்து என்ன? பதிவேட்டைப் புரட்டிவிட்டுப் போகும் அதிகாரிகள், தொட்டியோரம் வந்து நிற்பது சாவு விழுந்த பிறகுதான். அதனால் பார்க்க வேண்டியதை நீங்களே பாருங்கள்.

மற்ற இருவரின் கொட்டேஷனில் பிளோயருக்கும் மேலே நிற்கும் ஆளுக்கும் தனியாகத் தொகை போட்டிருக்கிறதா? போட்டவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.