படம் கீறத் தெரியாது, சித்திரக் குழுவுக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 61 வயது. கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் தனியே இருக்கிறேன். ஏழு மாதங்களுக்கு முன் கணவர் காலமானார். மகள் கனடாவில். நித்திரை இல்லை, ஒன்றிலும் மனம் செல்வதில்லை. மனச்சோர்வு என்று சொல்லி டொக்டர் நான்கு மாதமாகக் குளிசை தருகிறார். சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மினும் எடுக்கிறேன். கீழ்மாடியில் இருப்பவர் சனிக்கிழமைகளில் தான் போகும் சித்திரக் குழுவுக்கு என்னையும் கூப்பிடுகிறார். அடிமட்டம் இல்லாமல் ஒரு நேர்கோடுகூட எனக்குக் கீற வராது. ஆட்டைத் திவசமும் முடியவில்லை, ஆட்கள் என்ன சொல்வார்களோ தெரியாது. போனால் பலன் உண்டா? பலன் தெரிந்தால் குளிசையை நிறுத்தலாமா?

பதில்: போங்கள் அம்மா. குளிசையை மட்டும் நிறுத்த வேண்டாம்.

கீற வராது என்ற கவலையை முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், 39 பேரை 45 நிமிடம் விரும்பியபடி படம் கீறவும், களிமண்ணில் ஏதாவது செய்யவும், கடதாசி வெட்டி ஒட்டவும் விட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் உமிழ்நீரில் கோர்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹோர்மோனை அளந்தார்கள். கிட்டத்தட்ட நான்கில் மூன்று பேருக்கு அது குறைந்திருந்தது. முன்பே கலை பழகியவரா, புதியவரா என்பதால் பெரிய வித்தியாசம் எதுவும் வரவில்லை. சின்ன ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் அதில் இல்லை. தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டியதில்லை. ஆனாலும் பாடசாலையில் சித்திரப் பாடத்துக்குக் குறைந்த புள்ளி எடுத்தவர்கள் கொஞ்சம் தைரியமாக இருக்கலாம்.

என் நோயாளிகளில் பலர் சொல்லும் ஒரு வார்த்தை, ‘மனம் சரியானதும் போகிறேன்’ என்பது. மனச்சோர்வில் அந்த வரிசை வேலை செய்யாது. ஒன்றும் செய்யப் பிடிக்காமல் வீட்டுக்குள் இருக்கிறோம். இருக்க இருக்க, சந்தோஷம் தரக்கூடிய எதுவும் நம் பக்கம் வராது. அதனால் இன்னும் பிடிக்காமல் போகிறது. உளவளத்துணையில் இதை உடைப்பதற்கென்றே ஒரு முறை இருக்கிறது: எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன செய்வது என்று எழுதிவைத்து, மனம் எப்படி இருந்தாலும் அதைச் செய்வது. மனம் பிறகுதான் கூட வரும். சனிக்கிழமைக் குழு உங்களுக்கு அந்த வேலையைத்தான் செய்யும். குளிக்க வேண்டும், உடுக்க வேண்டும், படியிறங்க வேண்டும், கீழே ஒருவர் காத்திருக்கிறார். அன்று பகலில் நீண்ட தூக்கமும் போட முடியாது, இரவு நித்திரைக்கு அது நல்லது.

வீட்டிலேயே வர்ணம் தீட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். அதுவும் நல்லதுதான். ஆனால் தனியே இருப்பவருக்குக் குழுவில் கிடைப்பது வேறு. கணவரை இழந்த ஒருவர் நம் ஊரில் எங்கே போனாலும் அதே கேள்விகள்: எப்படி நடந்தது, மகள் வந்து நிற்கமாட்டாளா, இனி என்ன யோசனை? பதில் சொல்லிக் களைத்துப்போய்த்தான் பலர் கோயிலுக்குப் போவதையே விட்டுவிடுகிறார்கள். சித்திர மேசையில் எல்லோருடைய கண்ணும் கடதாசியில் இருக்கும். இரண்டு மணிநேரம் வாய் திறக்காமல் இருந்தாலும் யாரும் குறை நினைக்கமாட்டார்கள். கதைக்க வேண்டும்போல் இருந்தால் ஆளும் பக்கத்திலேயே இருக்கும். கொழும்பில் இப்படியான குழுக்களுக்குச் சிங்களவரும் முஸ்லிம்களும் வருவார்கள். ‘அந்த நீலத்தைக் கொஞ்சம் தாங்க’ என்று கேட்கும் அளவு சிங்களம் போதும்.

ஆட்கள் சொல்வதைப் பற்றி ஒன்று. துக்கத்துக்கு உரிய மரியாதையை நீங்கள் குறைக்கவில்லை. வைத்தியர் போகச் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள், அத்தோடு கதை முடியும்.

சரி, குளிசை. சுகமாக இருக்கிறதே என்று சட்டென நிறுத்தினால் தலைச்சுற்று, குமட்டல், எரிச்சல் எல்லாம் வரலாம், நோயும் திரும்பலாம். நன்றாகத் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்வதுதான் வழக்கம். அதன்பின் மருத்துவர் சிறிது சிறிதாகக் குறைப்பார். நான்கு மாதமாகியும் நித்திரை இல்லை என்பதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்ற வேண்டியிருக்கலாம். இந்த மருந்துகளில் சில கையில் லேசான நடுக்கம் தரும். தூரிகை பிடிக்கும்போதுதான் அது கண்ணில் படும். பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மெட்ஃபோர்மின் நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறையலாம். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர் என்றால் இன்னும் கூடுதலாக. பி12 குறைவும் தைரோயிட் குறைவும் மனச்சோர்வு போலவே தெரியும். அடுத்த கிளினிக்கில் இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

எந்தக் குழு என்பதும் முக்கியம். முதல் மாதமே கண்காட்சி, போட்டி என்று துரத்தும் இடம் உங்களுக்கு இப்போது வேண்டாம். நீங்கள் கீறியதைப் பார்த்து ‘கறுப்பு நிறைய இருக்கிறது, உங்கள் மனதில்...’ என்று சாத்திரம் சொல்லும் ஆளிடமிருந்தும் தள்ளி இருங்கள். நிறத்தைப் பார்த்து நோய் சொல்ல எங்களாலேயே முடியாது. நீர்வர்ணமோ அக்ரிலிக்கோ போதும். எண்ணெய் வர்ணத்துக்குப் பயன்படுத்தும் டர்பென்டைன் காற்றோட்டமில்லாத அறையில் தலையிடி தரும், ஆஸ்துமா இருந்தால் இழுப்பும் வரலாம். விலை கூடிய தூரிகை எதுவும் இப்போது வாங்க வேண்டாம். வாசிப்புக் கண்ணாடியை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஒருநாள் அந்தக் கீழ்மாடிக்காரருடன் விகாரமகாதேவி பூங்கா பக்கம், ஆனந்த குமாரசுவாமி மாவத்தைக்கும் போய் வாருங்கள். நடைபாதையோரம் படங்கள் வைத்து விற்பார்கள். 1993இல் தொடங்கிய கலாபொல சித்திரச் சந்தை கூடுவதும் அந்த வீதியில்தான். வாங்க வேண்டும் என்றில்லை, பார்த்து நடந்தாலே உடம்புக்கும் நல்லது.

கீறும்போது அழுகை வரலாம், வரட்டும். உங்கள் வயதில் கொழும்பில் இருந்தவர்களுக்கு 1983 ஆடிக் கலவரமும் சேர்ந்து ஞாபகத்துக்கு வரலாம். அப்படி வந்து பல இரவுகள் கனவில் தொல்லை தந்தால், சித்திர ஆசிரியரிடம் விட்டுவிடாமல் உளவளத்துணையாளரிடமோ மனநல மருத்துவரிடமோ சொல்லுங்கள். மனநல வைத்தியசாலை இருக்கும் அங்கொடையின் பெயரைக் கேலிக்குப் பயன்படுத்தும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை, அதனாலேயே பலர் தாமதிக்கிறார்கள். நீங்கள் தாமதிக்க வேண்டாம். வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்தால் சனிக்கிழமைவரை காத்திருக்காமல் உடனே 1926ஐ அழையுங்கள், அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம். அல்லது நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். கீழ்மாடிக்காரரிடமும் அந்த இலக்கத்தைக் கொடுத்து வையுங்கள்.