ரெண்டு இட்லி போதும், டப்பா எதற்கு?

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்காக ஓடிப் பழகுகிறான். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். முதல் ரெண்டு சுற்று குதிரை மாதிரி ஓடுகிறான். மூன்றாவது சுற்றில் கால் கட்டையாகிவிடுகிறது. பயிற்சி கொடுக்கிறவர், சாப்பாட்டில் சத்து இல்லை, 3,500 ரூபாய்க்குப் புரோட்டீன் பவுடர் வாங்குங்கள் என்கிறார். எங்கள் வீட்டில் சோறு, குழம்பு, ஞாயிற்றுக்கிழமை கறி. இது போதாதா? — ஒரு தகப்பனார், உசிலம்பட்டி.

பதில்: டப்பாவை வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் பிரிக்காமல் திருப்பிக் கொடுங்கள். காரணத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு கணக்கு. சமதரையில் ஓடுகிறவருக்கு, உடம்பு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும், கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கலோரி செலவாகும். தம்பி 60 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு 90 கலோரி. ரெண்டு இட்லியில் ஏறக்குறைய அது வந்துவிடும். போதாததற்கு, அவன் தசைகளில் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு 300, 400 கிராம் எப்போதும் கிடக்கிறது. அது மட்டும் ஆயிரம் கலோரிக்கு மேல். மூன்றாவது சுற்றில் அவன் தடுமாறுவது சத்து தீர்ந்துபோய் அல்ல.

சித்திரைத் திருவிழாவில் மாசி வீதியில் தேர் வடம் பிடித்திருக்கிறீர்களா? தசைக்குள் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். மயோசின் என்ற புரதத்துக்கு எண்ணற்ற கைகள். ஆக்டின் என்ற வடத்தை அவை பிடிக்கும், இழுக்கும், விடும், கொஞ்சம் தள்ளி மறுபடி பிடிக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் கூலி உண்டு. கூலியாக இட்லியும் செல்லாது, கறியும் செல்லாது. ஏடிபி என்ற சில்லறைதான் செல்லும். அந்தச் சில்லறை அறவே இல்லாமல் போனால் கைகள் பிடித்த பிடியை விடாது. இறந்தவர் உடம்பு விறைப்பது அதனால்தான்.

தசையின் கையிருப்புச் சில்லறை ரெண்டு மூன்று விநாடிக்குத்தான் வரும். பக்கத்திலேயே இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்டையும் சேர்த்தால் பத்து விநாடி ஓட்டலாம். இளவட்டக்கல் தூக்குகிறவருக்கு அது போதும், ஓடுகிறவருக்குப் போதாது. அவருக்குச் சில்லறை மாற்றித் தர ரெண்டு கடை இருக்கிறது. ஒன்று அவசரக் கடை. அது ஆக்சிஜன் கேட்காது, ஒரு குளுக்கோஸை அரைகுறையாக உடைத்து ரெண்டு ஏடிபி கொடுக்கும். மற்றது நிதானக் கடை. நுரையீரலும் இதயமும் ரத்தமும் ஆக்சிஜன் கொண்டுவந்தால் அதே குளுக்கோஸுக்குச் சுமார் முப்பது கொடுக்கும். ஆனால் முழுசாகத் திறக்க ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும்.

முதல் சுற்றிலேயே பாய்கிறவன் அவசரக் கடையில்தான் போய் நிற்கிறான். அங்கே கழிவு சேர்ந்து தசையில் அமிலத்தன்மை ஏறுகிறது, பிடி தளர்கிறது. அதைத்தான் கால் கட்டையாகிறது என்கிறான்.

'குதிரை மாதிரி' என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, வினையே அதுதான். 400 மீட்டர் டிராக்கில் 1500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் சுற்று. 7 நிமிடத்தைப் பங்கு போட்டால் சுற்றுக்கு 112 விநாடி. முதல் சுற்றை 1 நிமிடம் 50 விநாடிக்கு முன்னால் முடிக்காதே என்று தம்பியிடம் சொல்லுங்கள். வாரத்தில் மூன்று நாள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 40 நிமிடம் ஓடட்டும். நிதானக் கடை பெரிசாகும். விடிகாலையிலேயே ஓடட்டும். தின்றதில் நாலில் ஒரு பங்குதான் உழைப்பாகும், மீதி உடம்புச் சூடு. அதற்கு மேல் நம் ஊர் வெயிலும் வேண்டாம்.

புரதம் செங்கல் மாதிரி, விறகு அல்ல. உடம்பைக் கட்ட வேண்டும்தான், அடுப்பில் வைக்க வேண்டியதில்லை. ஓடிப் பழகும் பையனுக்குத் தினம் 70லிருந்து 90 கிராம் தாராளம். நூறு கிராம் நிலக்கடலையில் 25, ஒரு முட்டையில் 6. மொச்சை, பருப்பு, மோர் எல்லாம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

இந்தப் பயிற்சிக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டப்பாவுக்குக் கமிஷன் உண்டு என்று என்னிடமே ஒருவர் கூச்சமில்லாமல் சொன்னார். டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இருக்கிறதே என்று காட்டுவார்கள். அது விற்கிறவர் உரிமம் வாங்கியவர் என்பதற்கு அடையாளம், பவுடர் வேலை செய்யும் என்பதற்கு அல்ல. பவுடர் பலிக்காவிட்டால் அடுத்தது ஊசி. ஆபரேஷன் தியேட்டரில் ரத்த அழுத்தம் சரிகிறவருக்குப் போடும் மெஃபென்டெர்மின் மருந்தைப் பிள்ளைகளுக்குக் குத்துகிறார்கள். இதயம் தறிகெட்டுத் துடிக்கும். ஊசி என்ற பேச்சு எடுத்தாலே பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். அறிவிப்பு எப்போது வரும் என்று தெரியாமல் வருஷக்கணக்கில் பிள்ளைகளைக் காக்க வைத்தால், இந்த ஆட்கள் கடை விரிக்கத்தான் செய்வார்கள். பள்ளியில் விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்காமல் இருந்திருந்தால், நிதானமாக ஓடுவது எப்படி என்று எட்டாம் வகுப்பிலேயே தெரிந்திருக்கும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் சொன்னது செல்லாது. நிதானமாக ஓடியும் மூச்சு வாங்குகிறதா? மாடி ஏறினாலே படபடப்பா? அப்படியானால் கோளாறு ரத்தத்தில் இருக்கலாம். ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அது குறைந்தால் நிதானக் கடைக்குச் சரக்கு வராது, எவ்வளவு பழகினாலும் வராது. ஆண்பிள்ளைக்கு 13 கிராமாவது இருக்க வேண்டும். வயலில் செருப்பில்லாமல் நடக்கிறவர்களுக்குக் கொக்கிப்புழு பாதம் வழியாக ஏறிக் குடலில் ரத்தம் குடிக்கும். சோறு தின்ற கையோடு டீ குடித்தால் சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ரெண்டும் நம் பக்கத்தில் சாதாரணம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனைக்குக் காசு கிடையாது. நாளைக்கே கூட்டிப் போங்கள். 13க்குக் கீழே இருந்தால் அங்கேயே டாக்டரிடம் காட்டிப் பூச்சி மாத்திரை, இரும்பு மாத்திரை கேளுங்கள். அந்தச் சீட்டைப் பயிற்சிக்காரரிடம் காட்ட வேண்டாம், அதற்கும் ஒரு டப்பா வைத்திருப்பார்.