இருபது தட்டும் ஒரு தண்ணிப் போத்தலும்

கேள்வி: கனடா மாமா டிஸ்க் கோல்ஃப் (தட்டை எறிஞ்சு கூடைக்குள்ள விழுத்திற விளையாட்டு) தட்டு 20 அனுப்பினவர். கூடை இல்லை, பாலை மரங்களுக்கு இலக்கம் போட்டு எறியிறம். பழைய பள்ளிக்கூடப் பை பத்துத் தட்டோட நிரம்பிப்போகுது. கூட இடமுள்ள முதுகுப்பை எப்படிப் பார்த்து எடுக்கிறது?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: தம்பி, இடத்துக்கு முதல் பாரத்தைப் பாருங்கோ. ஒரு தட்டு ஏறத்தாழ 175 கிராம். இருபதும் மூன்றரைக் கிலோ. எங்கட வெயிலுக்கு 2 லீற்றர் தண்ணியும் வைச்சால் ஐந்தரை. தோள்பட்டி மெல்லிசாயிருந்தால் பத்தாவது மரத்தோட நாரி பிடிச்சிடும். அகலமாய், பஞ்சு வைச்சதாய்ப் பாருங்கோ.

போட்டி விதிப்படி தட்டின் விட்டம் 21 செ.மீ.க்குக் குறையக்கூடாது. பையின் உள்ளகலம் அதைவிட இரண்டு விரல் கூட வேணும். தட்டுகள் விளிம்பில நிமிர்ந்து நிற்கவேணும். படுக்கவைச்சு அடுக்கினால் அடித்தட்டை எடுக்க எல்லாத்தையும் கொட்டோணும். என்ர முதல் பையில அந்தப் பிழைதான் விட்டனான். போதாததுக்கு மார்கழி மழையில அடித்துணி ஊறி, தட்டெல்லாம் சேறு! அடி றெக்சினாய் இருந்தால் துடைச்சுவிடலாம். புட்டருக்கு, அதாவது கிட்ட நிண்டு இலக்குக்கு எறியிற தட்டுக்கு, பையின் மேல்பக்கம் தனி அறை இருக்கட்டும். அடிக்கடி எடுக்கிறது அதைத்தான்.

மாமாவுக்குப் பை அனுப்பச் சொல்லமுதல் சந்தையில பை தைக்கிறவரிடம் ஒரு தட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ. நான் இரண்டாவதை அப்படித்தான் தைப்பிச்சனான், நடுவில தடுப்பும் வைச்சு. இன்னொன்று, பையை மோட்டார் சைக்கிள்ல கட்டி வெயிலுக்க விடாதேங்கோ. சூட்டில தட்டு நெளிஞ்சுபோகும்.